மலைக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, ஏரிக்கு ஒரு துறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் காட்டெருமை குடியிருப்புப் பகுதிக்குள் வந்துவிட்டது என்றும், மேட்டூர் அணையில் மீன் குஞ்சுகள் விடப்பட்டன என்றும், மாநகர ஏரி ஒன்றில் மீன்கள் செத்து மிதந்தன என்றும் தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் செய்திகள் வருவது வழக்கம். இவை வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு பக்கங்களில் இடம்பெறுகின்றன. விளக்கம் சொல்லும் அதிகாரிகளும் வெவ்வேறு துறையைச் சேர்ந்தவர்கள். ஆனால் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இவை மூன்றும் ஒரே செய்தியின் மூன்று பகுதிகளாகத்தான் தெரிகின்றன. நம் மாநில அரசு காட்டையும் காட்டுயிர்களையும் மீன்களையும் காக்கும் முறையில், தனித்தனியே பார்த்தால் பாராட்டத்தக்க பணிகள் பல இருந்தும், துறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இம்மலையின் உயிர்வளம் நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் வனத்துறையின் பணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு வனத்துறை செய்தவற்றில் குறிப்பிடத்தக்கவை பல. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு, தேவாங்குக்கென நாட்டிலேயே முதல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அமைந்தது. நமக்கு அண்டையிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அப்போதுதான் உருவானது. இவற்றுக்குப் பின்னால் பல்லாண்டு ஆய்வும் களப்பணியும் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த அறிவிப்புகளில் பலவற்றின் மையத்தில் மக்கள் மனத்தில் பதியக்கூடிய ஒரு விலங்கோ, பரந்து கிடக்கும் ஒரு காடோ இருப்பதைக் கவனிக்கலாம். பெயர் பெற்ற விலங்கு இல்லாத, காப்பித் தோட்டமும் ஊரும் கலந்து கிடக்கும் சேர்வராயன் போன்ற மலைக்கு அந்த வகைக் காவல் எளிதில் வாய்ப்பதில்லை.

அதற்காக இங்கே காவலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சேலம் வனக்கோட்டத்தின் களப் பணியாளர்கள் கோடையில் படும் பாட்டைக் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கமோ குப்பனூர்ச் சாலைப் பக்கமோ சென்று பார்த்தவர்கள் அறிவார்கள். மாசி, பங்குனியில் அடிவாரச் சரிவுகளில் மூங்கிலும் புல்லும் காய்ந்து சருகாகக் கிடக்கும்போது, எவரோ வீசிய ஒரு பீடித்துண்டு போதும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பிவிடுகிறது. ஆனால் அந்த எச்சரிக்கைக்குப் பிறகு நடப்பது முழுக்கவும் மனித உழைப்பு. வனக்காப்பாளரும் வனக்காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும், தண்ணீர் வண்டி ஏற முடியாத சரிவில், பச்சைத் தழைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு தீயின் ஓரத்தை அடித்து அடித்து அணைக்கிறார்கள். முன்கூட்டியே வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடு அகலமாகவும் சருகின்றியும் இருந்தால் தீ அங்கே நின்றுவிடும். இல்லாவிட்டால் மறுபடியும் தழையும் கையுந்தான். இந்தப் பணியாளர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் என்பதும், தீயணைப்பின்போது அவர்கள் காலில் இருப்பது பெரும்பாலும் சாதாரணச் செருப்பு என்பதும் அரசின் கவனத்துக்கு உரியவை.

காட்டெருமை இம்மலையில் அதிகம் பேசப்படும் விலங்கு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள, உயர்ந்த பாதுகாப்புக்குரிய விலங்கு அது. அதனால் தாக்கப்பட்டவர்களின் துயரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. இழப்பீடு விரைவாகக் கிடைக்க வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஏன் தோட்டத்துக்குள் வருகிறது என்ற கேள்விக்கு விடையைத் தோட்டத்தின் விளிம்பிலேயே காணலாம். காட்டின் கீழ்த்தளத்தில் புல் இருந்த இடங்களையெல்லாம், வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி (லாண்டானா) மூடிவிட்டது. மேய்கின்ற விலங்குக்கு அதன் இலை நஞ்சு. அச்செடியை வெட்டினால் வேரிலிருந்து மறுபடியும் துளிர்க்கிறது. அதன் கனியைத் தின்னும் பறவைகள் விதையைப் புதிய இடங்களுக்கும் கொண்டு செல்கின்றன. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022-இல் மாநில அரசு ஒரு கொள்கையையே வகுத்திருக்கிறது. அக்கொள்கை வெறும் அகற்றலோடு நிற்காமல், அகற்றிய இடத்தில் சூழலை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. நம் மலையில் வேண்டுவது அந்த இரண்டாம் பாதிதான். ஓர் ஆண்டு வெட்டிவிட்டு மறு ஆண்டு எட்டிப் பார்க்காமல் விட்டால், அந்தப் பணம் உண்ணிச்செடிக்குக் கவாத்து செய்ததற்குச் சமம்.

ஆண்டுதோறும் கோடை விழாவில் ஏற்காடு அண்ணா பூங்காவில் மலர்களாலேயே விலங்குருவங்கள் செய்து நிறுத்துகிறார்கள். குடும்பம் குடும்பமாக அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த விழாவில் இம்மலைக்கே உரிய உயிர்களைப் பற்றி ஒரே ஒரு அரங்கு வைத்தால் பொருத்தமாக இருக்கும். ஏனென்றால் சேர்வராயனின் உண்மையான செல்வம் பெரிய விலங்குகளில் இல்லை. ஏற்காட்டின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட ஒரு சிறிய பகற்பல்லி 2000-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. 2019-இல் இதே மலைத்தொடரிலிருந்து மேலும் இரண்டு பகற்பல்லி இனங்கள் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. அவற்றுள் ஒன்றுக்குச் சேர்வராயன் மலையின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. மண்ணுக்குள் புழு தின்று வாழும், எவரையும் தீண்டாத, நஞ்சற்ற கேடயவால் பாம்பு இனம் ஒன்றும் இம்மலைக்கே உரியது. விரல் நீளப் பல்லிக்கு வேண்டியது நிழலில் குளிர்ந்து கிடக்கும் பாறை இடுக்கு. மண்ணில் வாழும் பாம்புக்கு வேண்டியது ஈரம் காயாத சருகுப் படுகை. இவ்விரண்டும் காப்புக்காட்டுக்குள் மட்டும் இல்லை. பழைய காப்பித் தோட்டங்களின் நிழலிலும் இருக்கின்றன.

ஆகவே தோட்டத்தின் நிழல்மரம் என்பது தனியாரின் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. பலவகை நாட்டு மரங்கள் நின்ற இடத்தில், மிளகுக்கொடி ஏற்றவும் விற்கவும் வசதியாக இருக்கிறது என்று சில்வர் ஓக் வரிசைகள் வந்துவிட்டன. தோட்டக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. காப்பி விலையும் கூலியும் அவர் கையில் இல்லை. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது வெட்டுவதைத் தடுக்குமே தவிர, எதை நட வேண்டும் என்று சொல்லாது. வனத்துறையின் நாற்றங்கால்களிலிருந்து அத்தி, நாவல், பலா, சந்தன வேம்பு போன்ற நிழல்மரக் கன்றுகளைத் தோட்டங்களுக்கு இலவசமாகத் தந்து, நட்டு வளர்ப்பவருக்குச் சிறு ஊக்கத்தொகையும் கொடுத்தால், சரணாலயம் அறிவிக்காமலேயே இம்மலையில் பாதிக் காவல் நிறைவேறிவிடும்.

இனி நீருக்கு வருகிறேன். என் முதன்மையான குறையும் இதில்தான் இருக்கிறது. சேர்வராயனில் பிறக்கும் ஓடைகள் வனத்தின் எல்லைக் கல்லைத் தாண்டும்வரை வனத்துறையின் காவலில் இருக்கின்றன. அதற்குப் பிறகு அதே நீர் ஏரிக்குள் போனால் நீர்வளத்துறை அல்லது உள்ளாட்சி, அதில் மீன் வளர்த்தால் மீன்வளத்துறை அல்லது குத்தகைதாரர், அதில் கொசு உற்பத்தியானால் சுகாதாரப் பிரிவு, அதில் சாயக்கழிவு கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று கைமாறிக்கொண்டே போகிறது. மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் மாநகருக்குள் நுழைந்து வெளியேறி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்வதற்குள் எத்தனை அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆறு இன்றுள்ள நிலைக்கு ஏன் வந்தது என்பது விளங்கும். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அதன் ஒரு பகுதி மட்டுமே பொறுப்பு. முழு ஆற்றுக்குப் பொறுப்பானவர் எவரும் இல்லை.

கன்னங்குறிச்சி மூக்கனேரியை எடுத்துக்கொள்வோம். 2010-இல் ஊர் மக்களும் தன்னார்வலர்களும் முன்வந்து அந்த ஏரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, அவற்றின் மேல் மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைகின்றன; கரையோர நாணலுக்குள் நாமக்கோழியும் தாழைக்கோழியும் குஞ்சுகளோடு நடமாடுகின்றன. வனத்துறை ஆண்டுதோறும் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பில், விடியற்காலைப் பனியில் இருநோக்கியோடு கரையில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணி, படிவத்தில் எழுதிக் கொடுக்கிறோம். இது அருமையான ஏற்பாடு. ஆனால் எண்ணும் வனவருக்கு அந்த ஏரியின் மதகின் மேலோ மீன் குத்தகையின் மேலோ அதில் கலக்கும் கழிவுநீரின் மேலோ எந்த அதிகாரமும் இல்லை. சேலத்துக் கரையோரங்களில் குத்தகை முடியும் காலத்தில் மீன்களை ஒட்டப் பிடிப்பதற்காக நீர் வற்றவிடப்படுவதும், மீனைத் தின்கின்றன என்று நீர்க்காகங்களைப் பட்டாசு வெடித்து விரட்டுவதும் புதியவை அல்ல. ஒரு துறை எண்ணிக் கொடுத்த பறவைகளை இன்னொரு துறையின் குத்தகைதாரர் விரட்டுகிறார். இருவருமே தத்தம் விதிப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

ஊரை ஒட்டிய ஏரிக்குச் சட்டக் காவல் கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். திருப்பூர் நஞ்சராயன் குளமும் தொழில் நகரத்தின் ஓரத்தில், கழிவுநீர் அச்சத்துக்கு நடுவே கிடந்த நீர்நிலைதான். உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் பதிவு செய்த பறவைப் பட்டியலின் வலுவில் அது 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. சேலத்து ஏரிகள் அனைத்துக்கும் ராம்சர் தகுதி கேட்கவில்லை; நகருக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்து, பிறகு சீமைக் கருவேலம் மண்டிப்போன பனமரத்துப்பட்டி ஏரிக்கும், மக்களே மீட்டெடுத்த மூக்கனேரிக்கும் அந்த வழி ஆராயப்பட்டதா என்று கேட்பது நியாயமானதே.

மீன்களைப் பற்றி நாம் பேசும்போது, பெரும்பாலும் உணவையும் வருமானத்தையும் மட்டுமே பேசுகிறோம். மீன்வளத்துறையின் பணி அளவில் பெரியது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில், 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அந்த நீர்த்தேக்கத்தில், பரிசலில் சென்று வலைவீசும் உரிமம் பெற்ற மீனவர்களின் வாழ்க்கை அத்துறை விடும் குஞ்சுகளைச் சார்ந்திருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வளர்ந்தால்தான் அவர்கள் அடுப்பு எரியும். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் இம்மூன்றும் வட இந்திய ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1952-இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபி மீன் இன்று நம் ஏரிகள் அனைத்திலும் தானாகவே பெருகிக் கிடக்கிறது. விராலும் குரவையும் ஆரலும் அயிரையும் நாட்டுக் கெளுத்தியும் சந்தைக் கூடையில் அரிதாகிக்கொண்டே வருகின்றன. ஆறுகளில் நாட்டு மீன் இனங்களின் குஞ்சுகளை விடும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் அரசு தொடங்கியிருப்பது இந்நிலையில் ஆறுதல் தருகிறது.

எனினும் நல்லெண்ணத்தோடு விடப்படும் குஞ்சும் தீங்கு செய்யக்கூடும் என்பதற்குக் காவிரியிலேயே சான்று இருக்கிறது. காவிரிக்கே உரிய திமில் மாசீர், உலகின் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று. 1970, 80-களில் கர்நாடகப் பகுதிக் காவிரியில், மீன்வளத்தைப் பெருக்கும் நோக்கத்தோடு, வேற்று ஆற்றுப் படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மாசீரின் குஞ்சுகள் பண்ணையில் வளர்க்கப்பட்டு ஏராளமாக விடப்பட்டன. அவை பெருகின, ஊர் மீனான திமில் மாசீர் அருகியது. அணைகளும் மணல் அள்ளுதலும் தோட்டா போட்டு மீன் பிடித்தலும் தம் பங்குக்குக் கெடுத்தன. 2018-இல் அந்தத் திமில் மாசீர், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. தவறான மீனை விடுவதைத் தடுக்கத்தான் தெளிவான நடைமுறை இல்லை.

நம் மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை செய்யப்பட்ட இந்த மீனைக் கோழிக்கழிவு போட்டு வளர்க்கும் பண்ணைக் குட்டைகளை அதிகாரிகள் கண்டுபிடித்து, மீன்களைக் குழிவெட்டிப் புதைக்கும் படங்கள் அவ்வப்போது செய்தித்தாள்களில் வருகின்றன. காற்றையும் சுவாசிக்கக்கூடிய இம்மீன், மழைக்காலத்தில் குட்டை நிரம்பி வழிந்தால் வாய்க்காலேறி ஏரிக்குப் போய்விடும். அங்கே அகப்படும் சிறு மீன் அனைத்தையும் விழுங்கும். மீன்வளத்துறை குட்டையை அழிப்பதோடு தன் கடமை முடிந்ததாகக் கருதுகிறது. ஏரிக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றைக் கணக்கெடுப்பது எவர் வேலை?

அதேபோலத்தான் கொசு ஒழிப்புக்காகக் கிணறுகளிலும் குளங்களிலும் விடப்படும் கம்பூசியா மீனும். உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற இந்த அமெரிக்க மீனைச் சுகாதாரப் பிரிவினர் டெங்கு அச்சத்தில் விடுகிறார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. ஆனால் நம் வயல் வாய்க்காலிலும் ஓடைக் குட்டையிலும் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் ஒரு சின்ன மீன் உண்டு. மேலிருந்து பார்த்தால் அதன் தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். அதுவும் கொசுப்புழுவைத்தான் தின்கிறது. காசு கொடுத்து வாங்காமல் ஓடையிலிருந்தே பெருக்கக்கூடிய அந்த மீனை வளர்த்துத் தர மீன்வளத்துறைக்குச் சுகாதாரப் பிரிவு ஒரு கடிதம் எழுதினால் போதும். அந்த ஒரு கடிதம் எழுதப்படாமல் இருப்பதற்குக் காரணம் இரு அலுவலகங்களும் ஒரே மேசையில் உட்காராததுதான்.

புதிய துறையொன்றை உருவாக்கச் சொல்லவில்லை. இருக்கும் அமைப்புகளே போதும். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்ட ஆட்சியரே இயக்குநர். மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். அதாவது காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியேயும் பார்க்கும் பொறுப்பை அரசே வன அலுவலருக்குத் தந்திருக்கிறது. அந்த இயக்கத்தின் கீழ், சேர்வராயன் ஓடைகள் தொடங்கித் திருமணிமுத்தாறுவரை உள்ள நீர்ப்படுகையை ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, வனம், மீன்வளம், நீர்வளம், சுகாதாரம், உள்ளாட்சி ஆகிய துறைகளின் மாவட்ட அலுவலர்கள் குறித்த கால இடைவெளியில் கூடி முடிவெடுக்க ஆட்சியர் ஆணையிட வேண்டும். ஓடைகளிலும் ஏரிகளிலும் இப்போது என்னென்ன மீன்கள் உள்ளன என்ற கணக்கெடுப்பு முடியும்வரை, எந்த ஏரியிலும் எந்தத் துறையும் புதிய மீனினத்தை விடக் கூடாது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுக்கள் அந்தக் கணக்கெடுப்பைச் செய்யலாம். மலைக் கிராமங்களில் வாழும், மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியின் முதியவர்களைக் கேட்டால், எந்த மடுவில் எந்த மீன் எந்த மாதம் ஏறும் என்பதைச் சொல்வார்கள். அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மீன் குத்தகை ஒப்பந்தங்களிலும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்ப்பது கடினமன்று. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் திட்டுகளைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வலையோ வெடியோ கூடாது; எந்தக் காரணத்துக்காகவும் ஏரியை அடிமட்ட இருப்புக்குக் கீழே வற்றவிடக் கூடாது. இதனால் குத்தகைதாரருக்கு ஏற்படும் இழப்பைக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொடுப்பது நியாயம். அவரும் வட்டிக்கு வாங்கித்தான் குஞ்சு விடுகிறார்.

அடுத்து வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின்போது, மூக்கனேரிக் கரைக்கு மீன்வள ஆய்வாளரையும் நீர்வளத்துறை உதவிப் பொறியாளரையும் மாநகராட்சிச் சுகாதார அலுவலரையும் அழைத்து வரும்படி மாவட்ட ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். படிவத்தில் பறவைகளுக்கு உள்ள பத்திகளுக்குப் பக்கத்தில் மீன், நீர்மட்டம், கழிவுநீர் வரும் வாய்க்கால் ஆகியவற்றுக்கும் மூன்று பத்திகள் சேர்த்து அச்சிட்டால், வனவரோடு சேர்த்து நால்வரும் ஒரே தாளில் கையெழுத்திடலாம். அந்தத் தாளின் நகல் ஒன்று தகவல் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கன்னங்குறிச்சி, சேலம்.